வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவை சுங்கை சிப்புட்டில் ஒரு நாள் கூட்டுவது எப்படி

வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவில் முதலில் கெடுவது வேலை அல்ல, கேட்கும் பழக்கம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு பில்லில் சந்தேகம். அலுவலகமாக இருந்தால் பக்கத்து மேசைக்குத் திரும்பி, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வாட்சாப்பில் அதே கேள்வியை எழுதுகிறாள், அழிக்கிறாள், இந்த நேரத்தில் தொல்லை கொடுக்கலாமா என்று யோசிக்கிறாள், கடைசியில் தானே ஊகித்து அனுப்பிவிடுகிறாள். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கிறது. அவள் சோம்பேறி இல்லை, அந்த அக்காவும் கடுகடுப்பானவர் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவில் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா, சுங்கை பட்டாணி, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடந்து கணக்கு, வாடிக்கையாளர் சேவை, தரவுப் பதிவு போன்ற வேலைகளைச் செய்யும் குழுக்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். பத்திலிருந்து முப்பது பேர் வரை உள்ள குழுக்களுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் போனால் இதையே இரண்டு ஊரில் இரண்டு நாள் செய்வது நல்லது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வுக்கூடப் பொறியாளர்களைக் கவனித்து ஒன்றைக் கண்டார். இரண்டு பேரின் மேசைகளுக்கு நடுவே தூரம் கூடினால் அவர்கள் பேசிக்கொள்வது மளமளவென்று குறைகிறது. சுமார் 50 மீட்டர் தாண்டியதும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பேச்சு அற்றுப்போன மாதிரிதான். 2020-இன் முதல் ஆறு மாதங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேர் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை 2021-இல் வெளிவந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அவரவர் சிறு குழுவுக்குள் பேச்சு இறுகியது, குழு விட்டுக் குழு போகும் பேச்சு குறைந்தது. தொலைபேசி, வீடியோ, அரட்டைச் செயலி எல்லாம் கையில் இருந்தும் இதுதான் நிலைமை.

நேரில் கூடினால் எவ்வளவு காலம் தாங்கும்? ஊழியர்கள் பல நாடுகளில் சிதறி வேலை செய்யும் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் தன் குழுக்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தது. வேலையை நடுவில் வைத்துத் திட்டமிட்டுக் கூடியபின் குழுவோடு ஒட்டிய உணர்வு சராசரியாக 27 விழுக்காடு கூடியது. நான்கைந்து மாதம் அது நின்றது. அவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன கணக்கு என்றாலும் திட்டமிட இது போதும். வருடத்துக்கு ஒருமுறை ஹோட்டலில் பெரிய விருந்து வைத்தால் மீதி ஏழெட்டு மாதம் வறட்சிதான். பணம் குறைவாக இருந்தால் விருந்தைச் சிறிதாக்குங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். வருடத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரே பகல். முடியாவிட்டால் இரண்டு.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். விடியற்காலை பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்குப் போகுமுன் கூடும் இடத்தில், எல்லாரும் நிற்பார்கள், கங்காணி பேர் வாசிப்பார், யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று சொல்வார். அங்கே உத்தரவுதான் நடந்தது, நட்பு நடக்கவில்லை. நட்பு நடந்தது நிரைக்கு நடந்து போகும் வழியிலும், பாலை நிறுக்க வரிசையில் காத்திருக்கும்போதும். யார் வீட்டில் காய்ச்சல், யாருடைய கத்தி மழுங்கியது, எந்த மரம் பால் தராமல் அடம் பிடிக்கிறது என்பதெல்லாம் அந்தக் காத்திருப்பில் வாய்மொழியாகப் பரவியது. இணையத்தில் நடக்கும் காலைக் கூட்டம் பெரட்டு மாதிரி. காத்திருக்கும் வரிசைதான் இல்லை. நேரில் கூடும் நாள் அந்த வரிசையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் நிகழ்ச்சி நிரல் போடும்போது இடைவெளிகளை முதலில் எழுதுங்கள், மீதியை அதற்குள் பொருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் முதலில் வெட்டப்படுவது இடைவெளியாகத்தான் இருக்கும்.

ஏன் சுங்கை சிப்புட்?

தலைமை அலுவலகம் கோலாலம்பூரில் இருப்பதால் கூட்டமும் அங்கேதான் என்பது பெரும்பாலோர் வழக்கம். யார் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கைக்குழந்தை இருப்பவர், படுத்த படுக்கையாக அம்மா இருப்பவர், கார் இல்லாதவர். தூரப் பயணமும் இரவுத் தங்கலும் அவர்களால் முடியாது என்பதால்தான் இந்த வேலைக்கே வந்தார்கள். கோலாலம்பூரில் வைத்தால் யாருக்கு இந்த நாள் அதிகம் தேவையோ அவர்கள்தான் வரமாட்டார்கள். குழுவில் அதிகம் பேர் இருக்கும் தோட்டப்புற ஊருக்குத் தலைநகரத்து ஆட்கள் போகட்டும். அவர்கள் சம்பளமும் அதிகம், கைவசம் வாகனமும் உண்டு.

சுங்கை சிப்புட் இதற்குத் தோதான ஊர். பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இ.டி.எஸ். எனும் மின்சார விரைவு ரயில் நிற்கும் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்பதில்லை என்பதால் டிக்கெட் எடுக்கும்போது நேரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். நிற்காத ரயிலில் வருகிறவர் ஈப்போவில் இறங்கட்டும், அங்கிருந்து ஒரு வேன் போதும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். கிராப் வண்டி சிறிய ஊரில் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. நிலையத்திலிருந்து மண்டபத்துக்குப் பள்ளி வேன் ஓட்டும் ஊர்க்காரர் ஒருவரிடம் காலையும் மாலையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலைப் பள்ளிச் சவாரி முடிந்து எட்டு மணிக்கு மேல் பெரும்பாலும் அவர் சும்மாதான் இருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. இணையக் கூட்டத்தில் வாய் திறக்காதவர் தன் சொந்த ஊரில் வேறு ஆளாக இருப்பார். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காலை முக்கால் மணி நேரத்தை ஒப்படையுங்கள். சந்தை, ரயில் நிலையம், 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி, மலேசிய அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் பிறந்து வளர்ந்த ஊர் என்ற கதை எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொண்டே நடக்கட்டும். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்கள் மாதாமாதம் சிறுதொகை கட்டித் தோட்டம் வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியவரும் சம்பந்தன்தான். அதில் பங்கு வைத்திருந்த தாத்தா, பாட்டி குழுவில் யாருக்காவது இருக்கக்கூடும். அந்தப் பேச்சு தானாக வரும். மேலாளர் பின்னால் நடந்து கேள்வி கேட்டால் போதும்.

நாள் குறிப்பது

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பேராக்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. சுங்கை பட்டாணியிலிருந்து வரும் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். எல்லா மாநிலத்துக்கும் பொதுவான வேலை நாள் திங்களிலிருந்து வியாழன் வரைதான். திங்களில் வைத்தால் தூரத்திலிருந்து வருகிறவர் ஞாயிறே கிளம்ப வேண்டும். அவர் ஓய்வுநாள் போச்சு. ஆகவே செவ்வாய் அல்லது புதன். கணக்கு வேலை பார்க்கும் குழு என்றால் மாதத்தின் கடைசி வாரத்தையும் முதல் வாரத்தையும் விட்டுவிடுங்கள். புரட்டாசி, நோன்பு மாதம், தைப்பூசத்துக்கு முந்திய விரத நாள்கள் ஆகியவற்றையும் தவிர்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக்கில் பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் வைப்பதாக இருந்தால் வெளியே நடப்பதெல்லாம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும்.

ஓய்வுநாளில் கூட்டவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு: 1955 வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத ஊழியரை ஓய்வுநாளில் வேலைக்கு அழைத்தால் வழக்கமான நேரத்தில் பாதி வரை அரை நாள் கூலியும், பாதியைத் தாண்டினால் ஒரு நாள் கூலியும் கூடுதலாகத் தர வேண்டும். "இது வேலை இல்லை, குடும்ப தினம்" என்று பெயர் மாற்றிவிட்டு வருகைப் பதிவு எடுப்பது நியாயம் இல்லை. வரச் சொன்னால் அது வேலை. 2023 ஜனவரி முதல் வார வேலை நேர உச்சவரம்பு 45 மணி. வந்து போகும் நேரத்தையும் அதற்குள் எண்ணி, அந்த வாரம் வேறொரு நாளில் வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

அழைப்பை வாட்சாப்பில் மட்டும் அனுப்பாமல் கடிதமாகவும் கொடுங்கள். தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நிறுவனப் பணி நிமித்தமான பயணம் என்ற வரி. வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) கோரிக்கைக்கு இந்தத் தாள்தான் கைகொடுக்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஏற்பாடு செய்பவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பயணக் காசை முன்பணமாகக் கொடுங்கள். "ரசீது கொண்டு வாங்க, அடுத்த மாசம் சேத்துப் போடுறோம்" என்பது 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்குப் பெரிய கஷ்டம். கையில் காசு இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "அன்னிக்கு வீட்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிடுவார். வருகை குறைவாக இருந்தால் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டாமல் முன்பணம் போனதா என்று முதலில் பாருங்கள்.

மண்டபம், மின்சாரம், இணையம்

மூன்று வகை இடம் கிடைக்கும்: பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்), கோயில் கல்யாண மண்டபம், தமிழ்ப்பள்ளி மண்டபம். கோயில் மண்டபத்தில் சைவம் மட்டும்தான். மலாய்க்காரத் தோழர்கள் இருந்தால் அங்கே சாப்பிடச் சங்கடப்படலாம். பள்ளி மண்டபத்துக்குத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும், பள்ளி நாளில் கிடைக்காது. கலப்புக் குழுவுக்குப் பாலாய் ராயாவே சரி. உணவும் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் எடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம். கோழி, மீன், மரக்கறி போதும்.

பாலாய் ராயாவில் பெரும்பாலும் துத்தநாகக் கூரை. மழை பிடித்தால் ஒலிபெருக்கி வைத்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே எல்லாரும் சேர்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியதைக் காலை பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு, நாலு பேர் நாலு பேராகத் தலையைச் சேர்த்து உட்கார்ந்து செய்யும் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். ஓட்டுத் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். தரையில் நாலைந்து பாய் விரித்து, ஒரு பக்கச் சுவரில் திரைத்துணி தொங்கவிட்டால் பாதி அடங்கிவிடும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். சுவரில் உள்ள மூன்று முள் சாக்கெட் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட். தண்ணீர் கொதிக்கும் கெட்டில் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கெட்டிலையும் பெரிய அரிசிக் குக்கரையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால் ஃபியூஸ் போகும், அதில் மடிக்கணினிகளும் இணையக் கருவியும் இருந்தால் அவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். அடுப்பங்கரைக்குத் தனிச் சாக்கெட், வேலை மேசைக்குத் தனிச் சாக்கெட். உருளையில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தினால் முழுவதும் அவிழ்த்து விரித்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டுச் சுமை ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உறை உருகும். அரை மணி நேரத்தில் உருளையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையாவது கழற்ற வேண்டும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். பெரும்பாலானவை பத்துக் கருவிக்கு மேல் ஏற்காது. இருபது பேர் என்றால் மடிக்கணினியும் கைப்பேசியுமாக நாற்பது கருவி. சிம் போடும் ரௌட்டர் ஒன்றும், வேறு வேறு நிறுவனத்துச் சிம் இரண்டும் வைத்திருங்கள். துத்தநாகக் கூரைக்கு அடியில் அலைவரிசை படுத்துவிடும் என்பதால் ரௌட்டரைச் சன்னலோரம் உயரத்தில் வையுங்கள். ஒரு வாரம் முன்பே, கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், கதவுகளைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். வெளியில் நின்று பார்த்த வேகம் உள்ளே இருக்காது.

அன்றைய நாள்

எட்டரைக்குப் பசியாறல். இட்லி, நாசி லெமாக், தே, கோப்பி. இதற்கு முக்கால் மணி நேரம். தாமதமாக வருகிறவர் இந்த முக்கால் மணிக்குள் வந்துவிடுவார், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயர் அட்டையில் பெயரோடு ஊரையும் எழுதுங்கள். பதவி வேண்டாம். பிறகு ஊர் நடை. பத்து மணிக்கு உள்ளே.

உள்ளே வந்ததும் விளையாட்டு வைக்காதீர்கள். கண்ணைக் கட்டி நடத்துவது, பலூன் உடைப்பது போன்றவை ஏற்கெனவே கலகலப்பாக இருப்பவரைத்தான் இன்னும் கலகலப்பாக்கும். கூச்சப்படுகிறவர் சுவரோரம் போய்விடுவார். அதைவிட நல்லது, இரண்டு இரண்டு பேராகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பது.

செய்முறை இது. ஒருவர் தன் மடிக்கணினியில் வழக்கமான வேலை ஒன்றைப் பதினைந்து நிமிடம் செய்வார். மற்றவர் வாய் திறக்காமல் பார்ப்பார். அடுத்த ஐந்து நிமிடம் கேள்வி. பிறகு இடம் மாறி அதே இருபது நிமிடம். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம், நடுவில் கால் மணி தேநீர், ஆள் மாற்றி இரண்டாவது சுற்று. உண்மையான வாடிக்கையாளர் விவரங்களைத் திறக்கக் கூடாது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொய்யான பெயர், எண்களோடு பயிற்சிக் கோப்பு ஒன்றை முன்னதாகவே செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இதில் என்ன வெளிவரும் என்று பார்த்தால்தான் தெரியும். ஒருவர் கணினிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். வாடிக்கையாளர் குறியீடு, யாருக்கு எந்த மொழியில் பேச வேண்டும், யார் பணம் கட்டத் தாமதிப்பார் எல்லாம் நீலப் பேனாவில் இருக்கும், மாறியது சிவப்பில் இருக்கும். அந்த நோட்டு எந்த அமைப்பிலும் இல்லை, அவர் விடுப்பில் போனால் குழுவே தடுமாறுவது அதனால்தான் என்று பக்கத்தில் இருப்பவருக்கு அப்போதுதான் புரியும். இன்னொருவர் ஏழு தடவை சொடுக்கிச் செய்வதைப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு விசையில் முடிப்பார். வீடியோக் கூட்டத்தில் முகம் தெரியும், கை தெரியாது. வேலை இருப்பது கையில்.

யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதை ஏற்பாடு செய்பவர் முதல் நாளே தாளில் எழுதிவிட வேண்டும். "உங்களுக்குப் பிடிச்சவங்களோட உக்காருங்க" என்றால் ஒரே ஊர்க்காரர் ஒன்றாகிவிடுவார்கள். ஒருவர் முடித்த வேலை யாருக்குப் போகிறதோ அவரோடு சேருங்கள், அதிலும் இதுவரை குரல் கேட்டே பழகாதவர்களை. மேலாளரையும் அவருக்குக் கீழ் இருப்பவரையும் சேர்க்காதீர்கள். பார்க்கிறவர் மேற்பார்வை செய்கிற மாதிரி ஆகிவிடும்.

சாப்பாடு வாழை இலையில், ஒரே பந்தியில். பஃபே வைத்தால் வரிசையில் முன்னால் நிற்பவர் சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி ஆள் தட்டெடுப்பார், சாப்பிட்டவர் கைப்பேசியைத் திறந்துகொள்வார். ஆறடி மேசையில் பக்கத்துக்கு மூன்று பேர் வசதியாக உட்காரலாம். நாலு மேசை இருந்தால் எதிரும் புதிருமாக 24 பேருக்கு ஒரே பந்தி. பரிமாறுவது மேலாளர்களும் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்களும். ஒவ்வொருவரிடமும் போய், "இன்னும் கொஞ்சம் சாம்பார் போடவா?" என்று கேட்கும்போது ஒரு வார்த்தையாவது பேசியாக வேண்டும் இல்லையா.

24 பேருக்கு அளவு: அரிசி 3 கிலோ, துவரம்பருப்பு 750 கிராம், எலும்போடு கோழி 5 கிலோ, இரண்டு மரக்கறிக்கும் தலா இரண்டரை கிலோ காய், அப்பளம் 60, பாயசம் மூன்று லிட்டர், கிழியாத இலை 30. குடிநீர் தலைக்கு இரண்டு லிட்டர் என்று 48 லிட்டர். சைவத்துக்கும் அசைவத்துக்கும் கரண்டி தனித்தனி, பாத்திரம் வைக்கும் மேசையும் தனி. தேநீரில் சீனியைக் கலந்து வைக்காதீர்கள், தனியாக வையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார், இருக்கிறேன் என்று சொல்லமாட்டார்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். நிரலில் "ஓய்வு" என்றுகூட எழுதாமல் அப்படியே விடுங்கள். வெற்றிலை மெல்லட்டும், வெளித் திண்ணையில் உட்காரட்டும், பாயில் சாயட்டும். மேலாளர்களுக்கு இந்த ஒரு மணி நேரத்தில்தான் கை அரிக்கும், எதையாவது நுழைக்கத் தோன்றும். நுழைத்துவிடாதீர்கள். அடுத்த நான்கு மாதத்துக்குப் பயன் தரும் பேச்சு நடப்பது இங்கேதான்.

இரண்டு மணிக்கு நாலு நாலு பேராகப் பிரித்து ஆளுக்கொரு மாஜோங் தாள் (சுவரில் ஒட்டும் பெரிய வெள்ளைத் தாள்), தடித்த பேனா. மூன்று கேள்விகள்: வாரத்தில் எது என்னை அதிகம் தடுக்கிறது? யாரைக் கேட்பது என்று தெரியாமல் விட்டது எது? அடுத்த மாதத்துக்குள் எதை மாற்றலாம்? நாற்பது நிமிடம். தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் எழுதட்டும். தாள்களைச் சுவரில் ஒட்டி, எல்லாரும் நடந்து படித்து, மூன்றே மூன்று மாற்றங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. பத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்காது, அடுத்த முறை பேனாவைத் தொடவே மாட்டார்கள்.

பிறகு அட்டை. இதை நாங்கள் மிகவும் முக்கியமாக நினைக்கிறோம். அரை அஞ்சலட்டை அளவுத் தாளில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும்: கைப்பேசி எண், அழைக்கலாம் என்ற நேரம், அழைக்க வேண்டாம் என்ற நேரம், அழைப்பா குறுஞ்செய்தியா, எந்த மொழி வசதி. "12.30 முதல் 1.30 வரை மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போவேன். மற்ற நேரம் தாராளமாக அழைக்கலாம், தமிழில் பேசினால் நல்லது" என்று ஒருவர் எழுதிவிட்டால் அவரை அழைக்க நினைப்பவருக்குப் பாதித் தயக்கம் போய்விடும். தயக்கத்துக்குக் காரணம் கேள்வி அல்ல, நேரம். தொந்தரவாக இருக்குமோ என்ற பயம். இந்த நேரத்தில் அழைத்தால் தொந்தரவு இல்லை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தால் பயத்துக்கு இடம் இல்லை. மேலாளரும் எழுத வேண்டும், உண்மையாக எழுத வேண்டும். "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதும் மேலாளரை யாரும் அழைப்பதில்லை. எல்லா அட்டைகளையும் அன்றே படம் எடுத்து, இரண்டு பக்கத் தாளில் அச்சடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டத்தான். சம்மதம் இல்லாதவர் எண்ணைத் தவிர்க்கலாம்.

நாலு மணிக்கு முடியுங்கள். ஐந்தரைக்கு முடிந்தால் மழையில் மாட்டிக்கொள்வார்கள், ரயில் தப்பும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குச் சிரமம்.

இரவு தங்கல் விருப்பமாக மட்டுமே இருக்கட்டும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஹோம்ஸ்டே எடுங்கள், பெண்களுக்குத் தனி வீடு, குளியலறை எத்தனை என்று கேட்டு எடுங்கள். ஆறு பேருக்கு ஒரு குளியலறை இருந்தால் காலைப் பசியாறல் பத்து மணிக்குப் போய்விடும். இரவில் மது, கராவோக்கே இரண்டையும் நிறுவனச் செலவில் ஏற்பாடு செய்யாதீர்கள். போகாதவர்கள் மறுநாள் காலை வேறு ஒரு குழுவாக நிற்பார்கள், குறிப்பாகப் பெண்கள்.

கெடுப்பவை இன்னும் சில. தலைமை நிர்வாகியின் நாற்பது நிமிட உரை. அதை வீடியோவாக அனுப்பலாம், இதற்காக யாரும் ரயில் ஏற வேண்டியதில்லை. சிறந்த ஊழியர் விருது. ஒருவருக்குக் கொடுத்து இருபது பேரைச் சும்மா கைதட்டவைப்பது இந்த நாளுக்கு ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுப் படம். ஒன்று போதும், சாப்பாட்டுக்கு முன்.

வர முடியாதவர்களை நாள் முழுக்க வீடியோவில் உட்கார வைக்காதீர்கள். மண்டபச் சத்தத்தில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது, ஒதுக்கப்பட்ட உணர்வுதான் மிஞ்சும். இரண்டு சுற்று வேலை பார்த்தலில் ஒன்றுக்கு மட்டும், ஒருவரோடு ஒருவராக, திரையைப் பகிர்ந்து சேரட்டும். மண்டபத்தில் அவரோடு பேசுகிறவர் அமைதியான மூலைக்குப் போய் ஹெட்போன் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் இரண்டு மடிக்கணினிகள் ஒரே அழைப்பில் ஒலிபெருக்கியோடு இருந்தால் ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் புகுந்து ஊளையிடும். அவர் அட்டையையும் கேட்டு வாங்கிச் சேருங்கள்.

அதன் பிறகு

கூடிய பத்து நாளைக்குள், காலையில் சேர்ந்து உட்கார்ந்த இரண்டு பேரும் ஒருமுறை தொலைபேசியில் பேச வேண்டும். பதினைந்து நிமிடம், வேலை விஷயம். இதை வேலை நேரத்தில் நேரம் குறித்துப் போடுங்கள், "பேசிக்கோங்க" என்று விட்டால் நடக்காது. முதல் அழைப்பு நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடக்கும்.

பலித்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு, "தயங்காமல் நேராக அழைத்துக் கேட்க முடியும் என்று நினைக்கும் ஆள்களின் பெயர்களை எழுதுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பெயர்கள் உங்களுக்கு மட்டும். மூன்று மாதம் கழித்து அதையே கேளுங்கள். பெயர் கூடியிருக்கிறதா, வேறு ஊர்ப் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். யார் பெயரையும் எழுதாமல் வெற்றுத்தாள் கொடுத்தவர் யார், எந்தத் தாளிலும் பெயர் வராதவர் யார் என்பதுதான் முக்கியம். அடுத்த கூடலில் ஜோடி போடும்போது அவர்கள் இரண்டு பேரையும் மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். "மகிழ்ச்சியாக இருந்ததா, ஐந்தில் எத்தனை நட்சத்திரம்" என்ற படிவம் எதையும் சொல்லாது. பிரியாணி நன்றாக இருந்தாலும் ஐந்து நட்சத்திரம்தான்.

குழுத் தலைவருக்குத் தனிப்பட வரும் கேள்விகள் குறைந்து, ஊழியர்கள் தங்களுக்குள் கேட்பது கூடியிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி. எதுவுமே மாறவில்லை என்றால் அந்த மூன்று மாற்றங்களில் எத்தனை நடந்தது என்று பாருங்கள். சொன்னதைச் செய்யாமல் விட்டதால் அமைதியாகிப்போன குழுக்களே அதிகம்.

அடுத்த கூடலின் தேதியையும் ஊரையும் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ரௌட்டர், இரண்டு சிம், நீட்டிப்புக் கம்பிகள், மீந்த மாஜோங் தாள், பேனா, திரைத்துணி, பெயர் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மூடிபோட்ட பெட்டியில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டி, அடுத்த ஊர்க்காரர் காரில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.